முதற்படி நம்மிடம்

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் ஓர் இரவு. தூத்துக்குடிப் பக்கம் மழை பிடித்துக்கொண்டதால் உப்பளங்களில் வேலை நின்றுவிட்டது. வேலை நின்றால்தான் என் தாயாருக்கு மகனோடு ஆற அமரப் பேச நேரம் கிடைக்கும். அன்று தொலைபேசியில் நலம் விசாரித்து முடிந்தபின், நான் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்றைத் தாமாகவே சொல்லத் தொடங்கினார். பதினாறு வயதில் முதன்முதலாக அளத்தில் இறங்கிய நாளின் கதை அது. விடியுமுன் கூட்டமாக நடந்து போனது. பாத்தியில் கால் வைத்தவுடன் பித்தவெடிப்பில் உப்புநீர் ஏறி எரிந்தது. வெயில் ஏற ஏற வெள்ளை நிலம் கண்ணைக் கூசவைத்தது. முதற் கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு ஓடியது. எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனக்கென ஒரு சிறு வலைப்பூ உண்டு. ஊரிலுள்ள உறவினரும் பள்ளித் தோழரும் படிப்பார்கள். அதன் எழுதும் பக்கத்தைத் திறந்து, தாயார் சொல்லச் சொல்ல அவர் வாய்மொழியிலேயே தட்டச்சுச் செய்தேன். ஒன்றேகால் மணி நேரம் போனதே தெரியவில்லை. பேச்சு முடிந்தபின் பிழை திருத்தி ‘வெளியிடு’ என்ற பொத்தானை அழுத்தினேன். இடையில் எப்போதோ விடுதியின் இணைப்பு அறுந்து மீண்டும் வந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. பக்கம் என்னிடம் மறுபடியும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. கொடுத்தேன். உள்ளே சென்றபோது வெறும் வெள்ளைக் கட்டம் என்னை வரவேற்றது. எழுதியதில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

மறுநாள் தாயாரை அழைத்து, “அம்மா, நேற்றுச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்கள்” என்றேன். “எய்யா, அன்னைக்கு வந்த பேச்சு இன்னைக்கும் வருமா? அதான் எல்லாம் சொல்லியாச்சே” என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

அன்பர்களே, புலம்புவதற்காக இதை எழுதவில்லை. நான் நிலவியல் மாணவன். நிலம் வெடித்தால் ஏன் வெடித்தது என்று கேட்பதுதான் எங்கள் பாடம். அன்றிரவு நேர்ந்தது என்ன? அது நேராமல் தடுக்க எவரேனும் வழி கண்டிருக்கிறார்களா? இவ்விரு கேள்விகளோடு சில வாரங்கள் தேடினேன். தேடியதில் அறிந்தவற்றை நம் சங்கத்து நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்து எங்கே இருந்தது?

இணையப் பக்கத்தில் நாம் எழுதும்போது எழுத்து எங்கே இருக்கிறது? பலர் அது வலைப்பூவிலேயே ஏறிக்கொண்டிருப்பதாக எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மையில் அந்தக் கட்டம் நம் கணினியில் ஓடும் உலாவி வரைந்த ஒரு படிவம். அதில் எழுதுவதெல்லாம் உலாவியின் தற்காலிக நினைவகத்தில் நிற்கிறது. பொத்தானை அழுத்திய பிறகே அது தொலைவிலுள்ள வழங்கிக் கணினிக்குப் புறப்படுகிறது. அதற்குள் பக்கம் மாறிவிட்டால் படிவமும் அதிலுள்ள எழுத்தும் சேர்ந்தே போய்விடக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. நாம் உள்ளே நுழைந்தவர் என்பதற்கு அடையாளமாக வழங்கி ஒரு சிறு சீட்டைக் கொடுத்துவைக்கிறது. அந்தச் சீட்டுக்குக் காலக்கெடு உண்டு. கெடு கடந்தபின் நாம் அனுப்புவதை ஏற்காமல், ‘நீ யார்?’ என்று வாயிலுக்குத் திருப்பிவிடும். என் கதை அந்த வாயிலில்தான் முடிந்தது.

இப்போது பல தளங்கள் எழுத எழுதத் தாமாகவே சேமித்துக்கொள்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அந்தச் சேமிப்பு பெரும்பாலும் அதே கம்பி வழியாகவே வழங்கிக்குப் போக வேண்டும். கம்பி அறுந்திருக்கும்போது சேமிப்பும் நின்றுவிடும். சில தளங்கள் உலாவிக்குள்ளேயே ஒரு படியை ஒளித்துவைக்கின்றன. ஆனால் அந்தப் படி உலாவியின் பொறுப்பில் இருக்கிறதே தவிர, நாம் பெயரிட்டு, எடுத்து, வேறிடத்தில் வைக்கக்கூடிய கோப்பாக இல்லை.

குறை இன்னதென்று இப்போது தெளிவாகிறது. எழுதுவது ஒரு வேலை. வெளியிடுவது வேறொரு வேலை. முன்னதற்குத் தனிமையும் நேரமும் வேண்டும், இணைப்பு வேண்டியதில்லை. பின்னதற்குச் சில நொடிகள் இணைப்பு இருந்தால் போதும். இணையப் பக்கம் இவ்விரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டது. முடிச்சை அவிழ்ப்பது எப்படி?

அவிழ்த்தவர்கள்

அவிழ்க்க முயன்றவர் பலர். மாக்கின்டாஷ் கணினிகளுக்கு 2004ஆம் ஆண்டிலேயே மார்ஸ்எடிட் என்ற செயலி வந்துவிட்டது. விண்டோஸ் கணினிகளில் மிகப் பலருடைய அன்பைப் பெற்றது விண்டோஸ் லைவ் ரைட்டர். அதன் வரலாறு நமக்குப் பல பாடங்களைச் சொல்லுவதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆன்ஃபோலியோ என்ற சிறு நிறுவனம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர்களுள் முதன்மையானவர் ஜே. ஜே. அலேர். 1990களில் கோல்ட்ஃபியூஷன் என்ற இணைய நிரல்மொழியைப் படைத்தவர் அவரே. 2006ஆம் ஆண்டு மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அந்தச் சிறு நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில், அங்கிருந்து வந்த குழுவினர் விண்டோஸ் லைவ் ரைட்டரின் முதல் சோதனைப் பதிப்பை மக்கள் கையில் கொடுத்தார்கள். 2007 நவம்பரில் முழுப் பதிப்பு வந்தது.

அவர்கள் வெளியிட்டது பெரிய நூறு வசதிகள் கொண்ட எந்திரமன்று. திறந்தால் வெள்ளைத் தாள் போன்ற ஒரு சாளரம். மேலே தலைப்பு, கீழே உடல். எழுதலாம், படம் ஒட்டலாம், சேமிக்கலாம். ‘வெளியிடு’ என்ற ஒரு பொத்தான். இணைப்பே இல்லாத மலையுச்சியிலும் எழுதி வைத்துக்கொள்ளலாம். எழுதியது நம் கணினியில், நம் ஆவணங்கள் இருக்கும் இடத்தில், வலைப்பூ இடுகைகளுக்கென ஒதுக்கிய அடைவில் தங்கும். முடியாத வரைவுகள் ஒரு பக்கம், அண்மையில் வெளியிட்டவை ஒரு பக்கம். ஊருக்குள் வந்து இணைப்புக் கிடைத்தவுடன் அனுப்பிவிடலாம்.

ஒரு நுட்பம் மட்டும் அக்காலத்தில் வியப்பளித்தது. எழுதும்போதே நம் வலைப்பூவின் எழுத்துரு, வண்ணம், பத்தி அகலம் எல்லாம் அச்சாகக் கண்முன் தெரியும். இணைப்பு இல்லாத செயலிக்கு இது எப்படித் தெரிந்தது? முதல் நாள் கணக்கைச் சேர்க்கும்போதே அது நம் அனுமதி கேட்டு, வலைப்பூவில் ஒரு பொய் இடுகையை வெளியிடும். அது எந்தக் கோலத்தில் தோன்றுகிறது என்று பார்த்து, அந்தக் கோலத்தைப் படியெடுத்துக்கொண்டு, பொய் இடுகையை அழித்துவிடும். சில வேளைகளில் அழிக்கும் முன் இணைப்பு அறுந்துபோகும். ‘வடிவம் கண்டறிவதற்கான தற்காலிக இடுகை’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு பல வலைப்பூக்களில் அநாதைப் பக்கங்கள் நின்றதற்குக் காரணம் இதுதான். இணைப்பின் நிலையாமையை வெல்ல வந்த கருவியே அந்த நிலையாமைக்கு இப்படிச் சான்றாகிவிட்டது!

அனுப்புவது எப்படி?

நம் மேசையிலுள்ள செயலியும் எங்கோ உள்ள வலைப்பூவும் ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாதவை. இரண்டையும் செய்தவர்கள் வேறு வேறு. ஆயினும் ஒன்று சொல்வது மற்றொன்றுக்குப் புரிகிறது. எப்படி?

அஞ்சலகத்தில் பணவிடைப் படிவம் பார்த்திருப்பீர்கள். அனுப்புபவர் எந்த ஊரினராயினும், படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம், தொகைக்கு ஒரு கட்டம். கட்டங்கள் முன்கூட்டியே முடிவானவை. அதனால் எந்த அஞ்சலகமும் படித்துக்கொள்ளும். வலைப்பூக்களுக்கும் இத்தகைய படிவம் தேவைப்பட்டது. 1998இல் டேவ் வைனர் என்பவரும் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் சிலரும் சேர்ந்து எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற முறையை வகுத்தார்கள். ஒரு கணினி மற்றொன்றிடம், ‘இந்த வேலையைச் செய், அதற்கு வேண்டியவை இவை’ என்று சொல்லும் பொது மொழி அது. அதன்மேல் 2002இல் வைனர் மெட்டாவெப்லாக் என்ற படிவத்தை அமைத்தார். புதிய இடுகை அனுப்ப அதில் ஐந்தே கட்டங்கள்.

முதலாவது, எந்த வலைப்பூ என்னும் அடையாளம். இரண்டாவது, எழுதுபவரின் பயனர் பெயர். மூன்றாவது, கடவுச்சொல். நான்காவது, தலைப்பும் உடலும் வகைகளும் அடங்கிய பொதி. ஐந்தாவது, ‘உடனே வெளியிடு’ அல்லது ‘வரைவாக வை’ என்பதற்கு ஆம், இல்லை என்ற ஒரு சொல். இவ்வளவே. வழங்கி இதை ஏற்றுக்கொண்டால் அந்த இடுகைக்கு ஓர் எண் கொடுத்து மறுமொழி அனுப்பும். பதிவுத் தபாலுக்கு ஒப்புதல் அட்டை திரும்பி வருவது போன்றது அது. அந்த எண்ணைச் செயலி வரைவோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளும். பின்னர் நாம் திருத்தி அனுப்பினால், புதிய இடுகை போடாமல் பழையதையே மாற்றுவதற்கு அந்த எண்தான் உதவும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கடிதம் போய்ச் சேர்ந்து, ஒப்புதல் அட்டை மட்டும் வழியில் தொலைந்தால் என்ன ஆகும்? வலைப்பூவில் இடுகை வந்துவிடும். செயலியோ ‘போகவில்லை’ என்று சொல்லும். நாம் மறுபடி அழுத்துவோம். ஒரே கட்டுரை இரண்டாக நிற்கும். ஆகவே ‘போகவில்லை’ என்ற சொல்லைக் கண்டவுடன் மீண்டும் அழுத்தாமல், வலைப்பூவைத் திறந்து பார்த்துவிட்டு அழுத்துவது அறிவுடைமை. எழுத்து இரட்டிப்பது ஒரு தொல்லைதான். ஆனால் தொலைவதைவிட அது எவ்வளவோ மேல்.

மற்றொரு எச்சரிக்கை. அந்தப் படிவத்தில் நம் கடவுச்சொல் போகிறது என்பதைக் கவனித்தீர்களா? முகவரியின் தொடக்கத்தில் மறையாக்கம் உள்ள தளமாக இருந்தால்தான் அது வழியில் பிறர் கண்ணில் படாது. முதன்மைக் கடவுச்சொல்லைச் செயலிக்குக் கொடாமல், அச்செயலிக்கென்றே தனிக் கடவுச்சொல் உண்டாக்கிக் கொடுப்பது இன்னும் நல்லது. வேர்டுபிரஸ் 2020 டிசம்பரில் வந்த 5.6ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதியைத் தருகிறது. செயலி வேண்டாமென்றால் அந்த ஒரு சாவியை மட்டும் செல்லாததாக்கிவிடலாம்.

தமிழுக்கு எவ்வளவு சுமை?

தமிழில் எழுதுவோர்க்கு ஓர் ஐயம் எழலாம். கணினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளைவிட அதிக இடம் பிடிக்கும் என்கிறார்களே, இணைப்பு மெலிந்த இடத்திலிருந்து அனுப்ப முடியுமா? கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

ஒருங்குறியில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும், இணையத்தில் பெருவழக்காக உள்ள யுடிஎஃப்-8 முறைப்படி மூன்று பைட்டு இடம் கொள்ளும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். ‘தமிழ்’ என்ற சொல் நம் கணக்கில் மூன்றெழுத்து. கணினியின் கணக்கிலோ த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஐந்து மூன்று பதினைந்து பைட்டு. ஒரு சொல்லுக்குச் சராசரி எட்டுக் குறியீடு என்று வைத்து, இடைவெளி ஒன்றையும் சேர்த்தால் 25 பைட்டு. ஆயிரம் சொற்கொண்ட கட்டுரைக்கு 25,000 பைட்டு. அதாவது ஏறத்தாழ 25 கிலோபைட்டு. கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் 3 மெகாபைட்டு என்று கொண்டால், அது நூற்றிருபது தமிழ்க் கட்டுரைகளுக்குச் சமம்! மேலும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி வழியாகப் படத்தை அனுப்பும்போது, மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக மாற்றி அனுப்புவதால் 3 மெகாபைட்டு 4 ஆகிவிடும். எனவே சுமை படத்தில் உள்ளதே தவிர, தமிழில் இல்லை.

இவ்வாண்டு சிவாலிக் மலையடிவாரத்தில் எங்கள் வகுப்புக்குப் பத்து நாள் களப்பணி. பகலில் பாறைப் படுகைகளின் சாய்வை அளந்து குறிப்பதும், இரவில் கூடாரத்தில் குறிப்பைச் செப்பஞ்செய்வதும் வேலை. கைப்பேசிக்கு அலை கிடையாது. ஒவ்வோர் இரவும் நாளுக்கு ஒரு கட்டுரையாகத் தமிழில் எழுதினேன். பத்துக் கட்டுரையும் சேர்ந்து 250 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டன. திரும்பும் வழியில் பேருந்து ஒரு சிற்றூரில் தேநீருக்கு நின்றபோது மெலிந்த அலை ஒன்று கிடைத்தது. நொடிக்கு 50 கிலோபைட்டு வேகம் இருந்தாலும் ஐந்து நொடி வேலைதானே? தேநீர் ஆறும் முன் பத்தும் வரைவாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. படங்களை விடுதிக்கு வந்து சேர்த்துக்கொண்டேன்.

கருவி முதுமை அடைந்தபோது

இனி வரலாற்றின் மறுபாதிக்கு வருவோம். விண்டோஸ் லைவ் ரைட்டரின் கடைசிப் பதிப்பு 2012இல் வந்தது. அதன்பின் மைக்ரோசாஃப்ட் அதைத் தொடவில்லை. ஆனால் எழுதுவோர் விடவில்லை. பல ஆண்டுகள் அதே பழைய செயலியைப் போற்றிப் பயன்படுத்தி வந்தார்கள். உள்ளிருந்தும் சில பொறியாளர்கள், ‘நாம் வளர்க்காவிட்டால் மக்களிடமாவது கொடுத்துவிடலாமே’ என்று முயன்றார்கள். அவர்களுள் ஒருவர் ஸ்காட் ஹான்சல்மன். அம்முயற்சி கனிந்து, 2015 டிசம்பரில் ஓப்பன் லைவ் ரைட்டர் என்ற புதுப்பெயரோடு செயலியின் மூல நிரல் எல்லோரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் உரிமத்தில் வெளியாயிற்று. பதிப்பெண் 0.5. பொறுப்பேற்றவர்கள் ஓய்வு நேரத்தில் உழைக்கும் தன்னார்வலர்கள்.

நிரலைத் திறந்து கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பதுபோல் எளிதன்று. எழுத்துப் பிழை திருத்தும் பகுதி வேறொருவரிடம் உரிமம் பெற்றுச் சேர்த்ததாதலால், புதிய வெளியீட்டின் தொடக்கத்தில் அதை நீக்கிவிட வேண்டியிருந்தது. தமக்கு உரிமையுள்ளதை மட்டுமே பிறருக்குத் தரமுடியும் அல்லவா?

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கூகுளின் பிளாக்கர் தளம், கடவுச்சொல்லையே செயலியிடம் கொடுக்கும் பழைய நுழைவு முறையைக் கைவிட்டு, அனுமதிச்சீட்டு வழங்கும் புதிய முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. பாதுகாப்புக்கு அது சரியான மாற்றமே. ஆனால் 2012க்குப்பின் திருத்தம் காணாத செயலிக்குப் புதிய சீட்டு வாங்கத் தெரியாது. நிரல் திறந்திருந்ததால்தான் தன்னார்வலர்கள் அந்த அறிவை அதற்கு ஊட்ட முடிந்தது. பழைய ரைட்டர் அடங்கிய மென்பொருள் தொகுப்புக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2017 ஜனவரியில் முடிந்தது. மூல நிரல் மட்டும் பொதுவில் பிழைத்தது.

கருவியின் ஆயுள் இவ்வளவுதானா என்று மனம் சோர வேண்டாம். கருவிக்கு முதுமை வரும். நாம் கேட்க வேண்டிய கேள்வி, ‘கருவி போனபின் என் எழுத்தை யார் படிப்பார்?’ என்பதே. இந்த இடத்தில் ரைட்டரிடம் ஒரு குறை இருந்தது. வரைவுகளை அது தனக்கே உரிய கூட்டுக்கோப்பு வடிவில் சேமித்தது. அக்கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தால் நேராகப் படிக்க இயலாது. எழுத்தும் பிறவும் கலந்து கிடக்கும். வரைவு நம் கணினியில் இருந்தும், அதைத் திறக்கும் சாவி செயலியிடமே இருந்தது.

இதை அக்கருவியைச் செய்தவர்களின் பிற்கால வேலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நம்மில் அறிவியல் படிப்போர் பலர் அளவைகளைக் கணக்கிட ஆர் மொழியையும் ஆர்ஸ்டுடியோ என்ற செயலியையும் பயன்படுத்துகிறோம். அந்த ஆர்ஸ்டுடியோவைத் தொடங்கியவர் யார் தெரியுமா? அதே ஜே. ஜே. அலேர்! ரைட்டர் குழுவில் இருந்த ஜோ செங் என்பவரே ஆர் மொழிக்கு ஷைனி என்ற கருவியைப் படைத்தவர். நாள்தோறும் ஆய்வுக்கூடத்தில் நான் திறக்கும் செயலியும், என் தாயாரின் கதையைக் காத்திருக்கக்கூடிய செயலியும் ஒரே கைகளில் பிறந்தவை என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஆர்ஸ்டுடியோவில் நாம் எழுதும் நிரலும் அறிக்கையும் வெறும் எழுத்துக் கோப்புகள். ஆர்ஸ்டுடியோவே இல்லாத கணினியிலும் அவற்றைத் திறந்து படிக்கலாம்.

நாம் செய்யத்தக்கது

இனிச் செயலுக்கு வருவோம். இதற்கெல்லாம் பெரிய செயலி எதுவும் வேண்டுமா? வேண்டியதில்லை. எல்லா விண்டோஸ் கணினியிலும் இருக்கும் நோட்பேடே முதற்படிக்குப் போதும். ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் நோட்பேடு அதையே இயல்பாகக் கொள்கிறது. அதற்கு முந்தைய கணினிகளில் பழைய குறியாக்கமே இயல்பு. எச்சரிக்கையைப் படிக்காமல் சேமித்துவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். பின் மீட்கவே முடியாது.

தலைப்பு, தடித்த எழுத்து, இணைப்பு முதலியவை வேண்டுவோர் மார்க்டவுன் என்ற குறிமுறையைக் கற்கலாம். ஜான் குரூபர் 2004இல் வெளியிட்டது. தலைப்புக்கு வரியின் முன் ஒரு சட்டக்குறி. அழுத்தத்துக்குச் சொல்லின் இரு பக்கமும் உடுக்குறி. அரைமணி நேரத்தில் பழகிவிடும். செயலி எதுவும் இல்லாவிட்டாலும் மனிதக் கண் அதைப் படிக்கும்.

வெளியிடுவதற்குச் செயலி வேண்டுமென்றால் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இணைப்பை அணைத்துவிட்டுத் திறந்தால் எழுதவும் சேமிக்கவும் முடிகிறதா? சேமித்த கோப்பை வேறொரு செயலியில் திறந்தால் என் தமிழ் தெரிகிறதா? வெளியிட்ட பின்னும் என்னிடம் ஒரு படி நிற்கிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் அது உங்களுக்கு உதவும். இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றால், எழுதுவதை வேறு கோப்பில் எழுதி, அனுப்புவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

கோப்புக்கு நாளையும் பொருளையும் பெயராக வையுங்கள். வாரம் ஒருமுறை வேறொரு வட்டிலோ தோழர் கணினியிலோ இன்னொரு படி வையுங்கள். மடிக்கணினி கீழே விழுந்தால் முதற்படியும் விழும் அல்லவா? வலைப்பூவைப் பொறுத்தவரை அதை வாசகர் வந்து பார்க்கும் காட்சிக்கூடமாக மதியுங்கள். கிடங்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

நம்மைப் போல் ஊர்விட்டு வந்தவர்களுக்கு இது இன்னும் தேவை. இங்கே வகுப்பில் ஆங்கிலம், கடைத்தெருவில் இந்தி. தமிழில் நாம் எழுதுவது பெரும்பாலும் இரவில், வீட்டு நினைவில், மனம் நெகிழ்ந்த வேளையில். தொலைபேசியில் பெற்றோர் சொல்லும் கதையும், பேச்சோடு பேச்சாக வரும் ஊர்ச் சொல்லும் இன்னொரு முறை அதே வடிவில் வருவதில்லை. ஆய்வுக்கூடத்து அளவை தவறினால் மறுபடி அளக்கலாம். பாறை அங்கேயேதான் இருக்கும். பேச்சு அப்படிக் காத்திருப்பதில்லை.

மார்கழி விடுமுறைக்கு ஊர் சென்றபோது, வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தாயாரின் அருகில் அமர்ந்தேன். இணைப்பை நானே அணைத்து வைத்தேன். மறுபடியும் கேட்டேன். சொன்னார், ஆனால் இம்முறை வேறு கதை. அளத்தில் உடன் வேலை செய்த தோழியர், மழைக்காலத்து வேலையின்மை, கடனுக்கு அரிசி வாங்கியது என்று பேச்சு வேறு வழியில் போயிற்று. சொல்லச் சொல்ல வெறும் எழுத்துக் கோப்பில் எழுதினேன். முதற் கூலியைப் பற்றிக் கேட்டபோது, “அதை அன்னைக்கே சொன்னேம்லா” என்று சிரித்துவிட்டு எழுந்துபோனார். முதற் கூலியில் தம் தம்பிக்குச் சிலேட்டு வாங்கினார் என்ற செய்தி எனக்கு நினைவிருக்கிறது. அதை அவர் சொன்ன சொற்கள் நினைவில்லை.

அந்தக் கோப்பு இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது. வலைப்பூவில் இன்னும் ஏற்றவில்லை. அதற்கு அவசரமில்லை, இணைப்பு என்று வேண்டுமானாலும் கிடைக்கும். நம் சங்கத்தின் அடுத்த மலருக்கு எழுதவிருக்கும் நண்பர்களே, எங்கே வெளியிட்டாலும் வெளியிடுங்கள். முதற்படி மட்டும் உங்களிடமே இருக்கட்டும்.